அல்பினா வெட்டியெடுத்த தெரு

அல்பினாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நான் கோபக்காரி. அதோடு, அவள் வரைபடத்திலிருந்து வெட்டியெடுத்த தெருவில் இன்றைக்கும் குடியிருப்பவள். நடுநடுவே என் வாய் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள்மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

எங்கள் குன்றடித் தெரு, உஸ்த்-தெரெஸ் ஊரின் கிழக்கு ஓரம். உருக்காலைப் புகை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம். மர வீடுகள், வீட்டுக்கு வீடு கரியடுப்பு, பின்னால் உருளைக்கிழங்குத் தோட்டம், அதற்கும் பின்னால் ஓடைப்பள்ளம். குளிர்காலத்தில் காற்று அசையாத நாட்களில் புகை மேலே போகாமல் எங்கள் கூரைமேலேயே படுத்துக்கொள்ளும். வெளியே காயப்போட்ட துணியை உள்ளே கொண்டுவந்து இன்னொரு தரம் துவைப்போம். பிள்ளைகள் பனியில் உருண்டுவிட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, மேல்துணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவோம்.

அல்பினா பிறந்தது என் எதிர்வீட்டில். அவளுக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா போய்விட்டாள். அப்பா குடித்தே போனார். வளர்த்தது அக்கா வார்யாதான். அவளே அப்போது பாவாடை கட்டத் தெரியாத வயசுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆலைக் கேண்டீனில் பாத்திரம் கழுவி, பிறகு அங்கேயே சமையலுக்குப் போய், அந்தக் கையாலேயே தங்கைக்குச் சோறும் புத்தகமும் வாங்கினாள். யெகோர் அவளைக் கேட்டு வந்தபோது, தங்கச்சி என்னோடுதான் இருப்பாள், சம்மதமானால் மேற்கொண்டு பேசு என்று சொல்லித்தான் கட்டிக்கொண்டாள். யெகோர் என்னோடு ஒரே பள்ளியில் படித்தவன். ஆலையில் சூளைப் பக்கம் வேலை. சம்மதம் என்று சொல்லிவிட்டு, கல்யாணத்தன்று அல்பினாவுக்கும் ஒரு புது கவுன் வாங்கிக்கொண்டு வந்தான். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி அவர்கள் குறைப்பட்டுக்கொண்டு நான் கேட்டதும் இல்லை. இருக்கிற ஒன்றை வளர்க்கவே நேரம் சரியாக இருந்தது.

அந்தப் பிள்ளைக்கு ஒரு நோய் இருந்தது. நேர்மை. நான் டிராமில் கண்டக்டராக இருந்தேன். பள்ளிக்கூடம் போக என் வண்டியில்தான் ஏறுவாள். எதிர்வீட்டுப் பிள்ளையிடம் டிக்கெட் கேட்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. போய் உட்காரடி என்பேன். உட்கார மாட்டாள். காசை நீட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே நிற்பாள். கூட்ட நேரத்தில் அவளோடு மல்லுக்கட்ட முடியாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மந்திரி வீட்டுப் பெண் என்று திட்டுவேன். அவள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு மரியாதையாக நன்றி சொல்லுவாள். அதில் எனக்கு இன்னும் கோபம் வரும்.

ஒரு ஜனவரியில் யெகோர் ஆலையிலிருந்து ஒரு சாக்கு நிலக்கரி கொண்டுவந்தான். அங்கே வேலை பார்க்கிற எல்லோரும் கொண்டுவருவதுதான். இது யாருடையது அத்தான் என்று இவள் கேட்டாள். அடுப்புடையது என்றான் அவன். அன்று முழுவதும் அவள் அடுப்புப் பக்கமே வரவில்லை. கோட்டும் கம்பளிப் பூட்ஸும் போட்டுக்கொண்டு, மூக்கு சிவக்க, வாசல் அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். மறுநாள் யெகோர் அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குத் திரும்பிப் போனான். கொண்டுவரும்போது யாரும் பிடிக்கவில்லை. திருப்பி வைக்கும்போது காவலாளி பிடித்துவிட்டான். இந்தக் கதையை ஒவ்வொரு பண்டிகைக்கும் யெகோர் சொல்லுவான், ஒவ்வொரு தடவையும் அவனே முதலில் சிரிப்பான்.

அல்பினா தோம்ஸ்க் நகரத்துக்குப் போய்ப் படித்தாள். திரும்பி வந்து ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தாள். அங்கேயே ஐந்தாவது மாடியில் ஓர் அறை வீடு. கல்யாணம் ஒன்று நடந்து, சத்தமில்லாமல் முடிந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்தால் சும்மா உட்கார மாட்டாள். தோட்டத்தைக் கொத்துவாள், கூரையில் ஏறிப் பனியைத் தள்ளுவாள்.

அவள் வேலை என்ன என்பது எங்களுக்கு வெகுநாள் பிடிபடவில்லை. ஊரில் எந்தெந்த இடத்தில் பனி எவ்வளவு அழுக்கு என்று படம் போடுகிறாளாம். நவம்பரில் விழ ஆரம்பிக்கிற பனி மார்ச் வரைக்கும் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. குளிர்காலம் முழுக்க ஆலை என்ன துப்பியதோ எல்லாம் அதற்குள் இருக்கிறது. உருகுவதற்கு முன்னால் அவள் ஒரு குழாயைக் கொண்டுபோய், மேலிருந்து கிட்டத்தட்ட மண் வரைக்கும் இறக்கி, பனியைத் தண்டுபோல எடுத்துக்கொண்டு வருவாள். உருக்கி, வடிகட்டி, தாளில் தங்குகிற கரியை எடைபோடுவாள். ஆனால் எல்லா இடத்திலும் குழாயை இறக்க முடியாது. மிச்சத்துக்கு வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுக்கிற படங்கள். சுத்தமான பனி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், கரி படிந்த பனி வெளிச்சத்தைக் குடித்துவிடும். அந்தப் படத்தின்மேல் தெருக்கள், தெருக்களின்மேல் காற்றடிக்கிற திசை, அதன்மேல் குழாய்க் கணக்கு என்று கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஊரின் நுரையீரல் தெரியும் என்பாள்.

யெகோர் விடமாட்டான். "பனி கருப்பா இருக்குன்னு வானத்துலேர்ந்துதான் பாக்கணுமா? ஜன்னலத் தெறந்தா தெரியாதா?"

"ஜன்னல்ல பாத்தா நமக்குத் தெரியும் அத்தான். படத்துல வந்தாத்தான் ஆபீசுக்குத் தெரியும்," என்றாள் அவள்.

எங்கள் தெருவுக்கு அந்தக் குழாய் வந்ததே இல்லை. ஆராய்ச்சி நிலையத்து விதி அப்படி. வீட்டு அடுப்புப் புகைபோக்கி இருக்கிற இடத்தில் எடுத்தால் எது ஆலைக் கரி, எது அடுப்புக் கரி என்று பிரிக்க முடியாதாம். எங்களுக்கு வானத்துப் படம் ஒன்றுதான் சாட்சி.

அந்த இலையுதிர்காலத்தில் நகர நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. புகையால் மிகவும் பாதிக்கப்பட்ட வீடுகளைக் காலி செய்து, அக்கரையில் கட்டியிருக்கும் புதுக் கட்டடங்களில் குடியமர்த்துவார்களாம். எது மிகவும் பாதிக்கப்பட்டது என்று சொல்ல ஒரு குழு. குழுவுக்கு ஒரு வரைபடம். வரைபடத்தில் ஒரு கோடு. உள்ளே இருப்பவர்களுக்கு வீடு, வெளியே இருப்பவர்களுக்கு இருமல். அந்தக் கோட்டைப் போடும் வேலை அல்பினாவிடம் வந்தது.

யெகோருக்கு அப்போதே நுரையீரல் கல்லாகிக்கொண்டிருந்தது. சூளைப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு வருவதுதான். வாசலில் இருக்கிற மூன்று படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். மருந்து ஓரளவுக்குத்தான் கேட்கும், முதலில் இந்தக் காற்றிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், அப்படிப் போனால் இன்னும் சில வருடம் இருப்பார் என்று டாக்டர் வார்யாவிடம் சொல்லிவிட்டார். வார்யாவுக்கு அதற்குப் பிறகு வேறு பேச்சே கிடையாது. அக்கரை, லிஃப்ட் உள்ள கட்டடம், ஆற்றைப் பார்த்த ஜன்னல். யெகோரின் மூச்சு அந்தக் கோட்டில்தான் தொங்குகிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும்.

நவம்பரில் முதல் பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை அல்பினா வந்தாள். வார்யா பெல்மேனி, இறைச்சி வைத்த கொழுக்கட்டை, பிடித்திருந்தாள். நானும் இருந்தேன், பெல்மேனி இருக்கிற வீட்டில் நான் இல்லாமல் இருக்க மாட்டேன். சாப்பிட்டு முடித்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"படம் கையெழுத்தாகற வரைக்கும் நான் இங்க வரமாட்டேன் அக்கா. போனும் பண்ணமாட்டேன். நீங்களும் பண்ணாதீங்க. என் அக்கா வீடு அந்தத் தெருவுலதான் இருக்குன்னு நானே குழுவுல சொல்லிட்டேன். அக்காவுக்காகக் கோட்ட வளைச்சுட்டான்னு ஒருத்தன் கெளப்பிவிட்டா போதும், மொத்தப் படத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்க."

வார்யா கரண்டியை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். புது வருஷத்துக்கும் வரமாட்டாயா என்று கேட்டாள். மாட்டேன் என்றாள் அல்பினா. வார்யாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

யெகோர் சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "விடு வார்யா. சாக்கு நிலக்கரியத் திருப்பி வெக்க வெச்சவ இவ. இவ கோட்ட வளைக்க வேண்டாம். நேரா போட்டாலே அது நம்ம வீட்டையும் உள்ள வெச்சுத்தான் போகும்."

அல்பினா போனபிறகு வார்யா கொஞ்ச நேரம் அழுதாள். மறுநாள் காலையிலேயே தெருக்குழாயடியில் நின்று, என் தங்கச்சி எப்படிப்பட்டவள் தெரியுமா, கூடப்பிறந்த அக்காவிடம்கூடப் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். தெரு முழுக்க அந்தப் பெருமை ஒட்டிக்கொண்டது. அவள் எங்களுக்குச் சலுகை செய்வாள் என்று யாரும் நினைக்கவில்லை. சலுகையே தேவையில்லை, எங்கள் பனியைப் பார்த்தாலே போதும் என்றுதான் நினைத்தோம்.

பிப்ரவரியில் எங்கள் ஜன்னல் திட்டெல்லாம், பனி உருகும்வரை வீட்டுக்குள் வளர்க்கிற தக்காளி நாற்றால் நிறைந்திருக்க வேண்டும். அந்த வருடம் யாரும் போடவில்லை. அக்கரைக்குப் போகிறவர்களுக்குத் தோட்டம் எதற்கு? வார்யா வைத்திருந்த விதையையெல்லாம் கேண்டீன் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாள். ஜன்னல் வழியாகத் தெரு தெரிவதை யெகோர் ஓர் அதிசயம்போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மார்ச் வந்ததும் அவன் எங்கள் எல்லோரையும் தெருக்குழாயடிக்குக் கூப்பிட்டான். வருடா வருடம் மார்ச் நடுவில் நாங்கள் அடுப்புச் சாம்பலை வாளி வாளியாகக் கொண்டுபோய்த் தோட்டத்துப் பனிமேல் தூவுவோம். கருத்த பனி வெயிலைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் உருகும், முள்ளங்கி இரண்டு வாரம் முந்தி வரும். கம்பளங்களையும் அந்தச் சமயத்தில்தான் பனிமேல் குப்புறப்போட்டுத் தட்டுவோம். இந்த வருடம் இரண்டும் கூடாது என்றான். குழாயடிவரை நடந்து வந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று சொன்னான்.

"பனி விழுந்தபடியே கெடக்கட்டும். யாரும் ஒரு கைப்பிடி சாம்பல் போடக் கூடாது. நாளைக்கு எவனாவது, இவங்களே அழுக்காக்கிட்டாங்கன்னு சொன்னா அந்தப் பொண்ணுக்குத்தான் கெட்ட பேரு."

எனக்கு முள்ளங்கி போகிறதே என்று வயிறு எரிந்தது. கோடு நம்மை உள்ளே வைக்காவிட்டால் மே மாதம் நான் எதைத் தின்பது என்று கேட்டேன். "மே மாசம் நீ ஏழாவது மாடி பால்கனியில நின்னு கீழ போறவன் தலையில துப்பிட்டு இருப்ப," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் அடுப்புச் சாம்பலைக் கொல்லைக் கக்கூஸ் குழியில் கொட்டினேன். தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்த மார்ச்சில் காற்றே அசையவில்லை. பனி விழும், மறுநாள் அதன்மேல் சாம்பல் நிறத் தோல் படியும், இன்னொரு பனி விழும், மறுபடி தோல். அப்புறம் பனி விழுவது நின்று கரி மட்டும் விழுந்தது. ஒரு கையும் படாமல் எங்கள் தோட்டங்கள் அடுப்பு மூலைபோல ஆகிவிட்டன. மற்ற வருடமாக இருந்தால் ஆலையைத் திட்டித் தீர்த்திருப்போம். அந்த வருடம் எங்களுக்குச் சந்தோஷம். கருப்புப் பனியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட தெரு உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். யெகோர் ஜன்னல் கதவைத் திறந்து, வானத்தைப் பார்த்து, படம் பிடிக்கிறவரே இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று கையசைத்தான். வார்யா ஓடிவந்து, புகை உள்ளே வருகிறதென்று கதவை இழுத்துச் சாத்தினாள்.

அவள் பக்கம் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு அல்பினாவே என்னிடம் சொன்னாள்.

அந்த மார்ச் கடைசியில் வந்த படத்தைத் திறந்தாளாம். குன்றடித் தெரு நெடுக ஒரு கருப்புப் பட்டை. ஆலையை ஒட்டின தெருக்கள் அளவுக்கு, சில இடத்தில் அதைவிடவும் கருப்பு. அத்தான் பிழைத்துக்கொண்டார் என்று நினைத்தாளாம். அடுத்த நிமிடமே அந்தச் சந்தோஷத்தின்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு எது வேண்டுமோ அது அப்படியே படத்தில் தெரிகிறது, அப்படியானால் நான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்திருக்கிறாள். இப்படியும் ஒரு புத்தி இருக்குமா? இருந்தது.

வெளியூர்க்காரன் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கருப்பு என்றால் அழுக்கு என்று கோட்டை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். சரியாகவும் இருந்திருக்கும். இவள் இந்தத் தெருவில் பிறந்தவள். மார்ச் கடைசியில் இங்கே தோட்டம் எதனால் கருக்கும் என்று இவளுக்குத் தெரியும். சின்ன வயதில் வாளியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா பின்னால் போய்ச் சாம்பல் தூவியவள் இவளே. தெருவிலேயே அதிகமாகத் தூவுகிறவள் வார்யா என்பதும் தெரியும். தோட்டமே இல்லாத ஓடைப்பள்ளத்திலும் கருப்பு தெரிந்திருக்கிறது. அது குன்றின் நிழல் என்று ஒதுக்கிவிட்டாள்.

எங்கள் தெருவை மட்டும் படத்திலிருந்து வெட்டியெடுத்தாள். அந்த இடத்துக்குப் பக்கத்துத் தெருக்களின் கணக்கை வைத்து ஒரு சராசரியை நிரப்பினாள். ஏன் என்று கேட்டால் சொல்ல, தோட்டக்காரர்கள் தூவிய சாம்பல் என்று விளக்கமும் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு அழுதாளாம். தப்புச் செய்துவிட்டோம் என்று இல்லை. அக்காவுக்குச் செய்ய முடியவில்லையே என்று. அழுது முடித்தபிறகு மனசு லேசாக இருந்தது ரிம்மா என்று என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் பண்பாட்டு மன்றச் சுவரில் வரைபடத்தை ஒட்டினார்கள். தெருவே கிளம்பிப் போனோம், யெகோரைத் தவிர. கோடு ஆலையிலிருந்து கிளம்பி, அதை ஒட்டின சூளைத் தெருவை முழுசாக விழுங்கி, டிராம் திரும்புகிற இடம்வரை வந்தது. அங்கிருந்து எங்களைச் சுற்றி வளைந்து போய்விட்டது. வார்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். இது பழைய படமாக இருக்கும், புதுசு இன்னும் ஒட்டவில்லை என்றாள். கீழே இருந்த கையெழுத்தை நான்தான் விரல் வைத்துக் காட்டினேன். தங்கச்சி கையெழுத்து அவளுக்குத் தெரியாதா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அல்பினா வந்தாள். ஐந்து மாதத்துக்குமேல் ஆகியிருந்தது. ஒரு மரப்பெட்டி நிறைய மிளகாய் நாற்று வாங்கிக்கொண்டு வந்திருந்தாள், அக்கா தோட்டத்துக்கு. அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் என்று நான் முன்கூட்டியே வார்யா வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் பயந்து பயந்து உள்ளே வந்ததைப் பார்த்ததும் எழுந்திருக்க முடியவில்லை.

அக்கா என்னை மன்னித்துவிடு, என்னால் வேறு மாதிரி செய்ய முடியவில்லை என்று ஆரம்பித்தாள். வார்யா தேநீர் ஊற்றினாள். பெட்டியை எங்கே வைக்கலாம் என்று அல்பினா ஜன்னல் திட்டைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தோட்டம் கொத்தாமல், போன வருடத்துக் காய்ந்த தண்டுகளோடு கிடந்தது.

"நாத்து எங்க அக்கா? தோட்டம் ஏன் இப்படிக் கெடக்கு?"

"போகப்போறோம்னு இருந்தோம்," என்றாள் வார்யா. "எதுக்குப் போடணும்?"

அல்பினா பெட்டியைக் கீழே வைக்கவில்லை. நெஞ்சோடு பிடித்தபடியே நின்றாள். அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அப்படியானால் மார்ச்சில் சாம்பல் போட்டீர்களா என்று கேட்டாள்.

யெகோர் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவனுக்கு அது நல்ல சேதி சொல்லுகிற சந்தர்ப்பமாகத் தோன்றியிருக்கிறது. தலையைத் தூக்கிக்கொண்டு சொன்னான்: "ஒரு கைப்பிடிகூட இல்லம்மா. உனக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு மொத்தத் தெருவையும் நிறுத்தி வெச்சேன். ரிம்மாவக் கேளு, முள்ளங்கிகூட இல்லாம பண்ணிட்டேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியில் இல்லை, தரையில். மண் சிதறி, நாற்று அவள் மடியில் கவிழ்ந்தது. வார்யா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள், என்ன ஆச்சு என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. சரி விடு, நல்ல எண்ணத்தில்தானே செய்தாய் என்றான் யெகோர். அந்தப் பேச்சை அவளால் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

மறுநாளே குழுவிடம் போனாள். தப்பாக வெட்டிவிட்டேன், அந்தக் கருப்பு ஆலைக் கரிதான், கோட்டைத் திருத்த வேண்டும் என்றாள். பனியெல்லாம் உருகிப் போயாயிற்று, அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். ஓடைப்பள்ளத்தைக் காட்டினாள். அது நிழல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்றார்கள். அவளுடைய விளக்கம் அவர்களுக்கு ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது. அதற்குள் இன்னும் இரண்டு தெருவின் கருப்புப் பட்டையையும் தோட்டச் சாம்பல் என்று சொல்லித் தள்ளிவிட்டிருந்தார்கள். குழுத் தலைவர் கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "கையெழுத்துப் போடறப்ப ஞாபகம் வராத அக்கா இப்ப வந்துட்டாங்களா?" எந்தப் பேச்சு வரக் கூடாதென்று அவள் ஐந்து மாதம் அக்கா முகத்தைப் பார்க்காமல் இருந்தாளோ, அதே பேச்சு.

அவள் வேலையை விடவில்லை. விட்டால் அடுத்த மார்ச்சில் குழாயை யார் இறக்குவது என்றாள். கோடை முழுவதும் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினாள். தன் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று அக்காவிடம் கெஞ்சினாள். ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. மூன்று படிக்கே நின்றுவிடுகிறவனை எப்படி ஏற்றுவது, ஆஸ்பத்திரிக்குப் போக எப்படி இறக்குவது? வேறு வாடகை வீடு பார்க்கிறேன் என்றாள். வேண்டாம் என்றாள் வார்யா. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வந்து விறகு பிளந்து போட்டாள், அக்கா தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். யெகோர் மட்டும்தான் இரண்டு பேரோடும் பேசினான்.

மறுபடியும் குளிர்காலம், மறுபடியும் காற்றசையாத நாட்கள். பிப்ரவரியில் யெகோர் போய்விட்டான். மூச்சுத் திணறித் திணறி, உட்கார்ந்தபடியே. சூளைத் தெருக்காரர்கள் அக்கரையிலிருந்து சாவுக்கு வந்திருந்தார்கள். புது வீட்டில் வெந்நீர் எப்படி வருகிறது என்று அவர்கள் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் எழுந்து போய் அடுப்பில் கரி போட்டேன்.

மார்ச்சில் அல்பினா குழாயோடு வந்தாள். விதியாவது ஒன்றாவது என்று, நேராக வார்யா தோட்டத்தில் இறக்கினாள், ஓடைப்பள்ளத்திலும் இறக்கினாள். வார்யா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வெளியே வரவும் இல்லை. வடிகட்டின தாளை அல்பினா பின்னால் என்னிடம் காட்டினாள். கரித்துணி மாதிரி இருந்தது. அது அடுப்புப் புகையல்ல, ஆலைத் தூசிதான் என்று ஆய்வகத்திலும் சொல்லிவிட்டார்கள். குழு அதை மரியாதையாக வாங்கிக்கொண்டு, அடுத்த திட்டத்தில் கவனிப்பதாகச் சொன்னது. அடுத்த திட்டம் எப்போது என்று கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை.

அந்த மாதக் கடைசியில் யெகோருக்கு நாற்பதாம் நாள் வந்தது. கோதுமையும் தேனும் கலந்த குத்யா, அப்பம், பழக்கஞ்சி என்று வார்யா எல்லாம் முறைப்படி செய்திருந்தாள். தெருவே வந்து சாப்பிட்டுப் போனது. யாரோ ஒருவர் அந்த நிலக்கரிச் சாக்குக் கதையை எடுத்தார், பாதியிலேயே அல்பினாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எல்லோரும் போனபிறகு நாங்கள் மூன்று பேரும்தான். வார்யா தட்டுக் கழுவினாள், நான் துடைத்தேன், அல்பினா மேஜை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

வார்யா திரும்பிப் பார்க்காமலே பேசினாள். கோபமாகக்கூட இல்லை. களைத்துப்போன குரல்.

"உன்ன எனக்காக வளைக்கச் சொல்லல அல்பினா. ஒரு நாளும் சொல்லல. ஒரே ஒரு தடவ போன் பண்ணி, அக்கா, இந்த வருஷம் சாம்பல் போட்டியான்னு கேட்டிருக்கலாம். இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேன். அவரு இருந்திருப்பாரு."

அல்பினா விரிப்பை மடித்து முடித்தாள். அதன் ஓரத்தைத் தடவித் தடவிச் சரிசெய்தாள். ஏதாவது பொய் சொல்லித் தொலையேண்டி என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். போன் வேலை செய்யவில்லை என்று சொல், மறந்துவிட்டேன் என்று சொல். பொய் அவளுக்கு வராது.

"கேக்கணும்னு தோணிச்சு அக்கா. போனக் கையில எடுத்தேன்," என்றாள். "நீ இல்லன்னு சொல்லியிருந்தா, நான் நம்பியிருக்க மாட்டேன். அத்தானுக்காகச் சொல்றேன்னு நெனச்சிருப்பேன். அதான் கேக்கல."

வார்யாவின் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. ஆமா, நம்பியிருக்க மாட்ட என்றாள். கையிலிருந்த தட்டை அலசி என்னிடம் நீட்டினாள். அல்பினா விரிப்பைப் பெட்டியில் வைத்து, கோட்டை மாட்டிக்கொண்டு, வருகிறேன் அக்கா என்றாள். வா என்று வார்யா சொல்லவில்லை. வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டபிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.